குதி மிதிபட்ட சப்பாத்து

“என்ட காலப் பாத்துக் கத்தாதீங்க மாமி. உங்கட நிலத்த நீங்களே கட்டிப் புடிச்சித்து இருங்க!”

வதனி என் வாசலில் நின்று சீறிய வார்த்தை இது. புதன்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். ஒரு கையில், ஏறி நின்று ஓடுகிற அவளுடைய நாலு சில்லுப் பலகை. மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். முழங்கை உரிந்து இரத்தம் வழிந்தது. இடது கணுக்கால் பணிஸ் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. அப்போதுதான் நிலம் துடைத்து முடித்திருந்தேன். அவள் காலில் சப்பாத்து இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

“சப்பாத்தக் கழட்டித்து உள்ளுக்க வா எண்டு எத்தின தரம் சொல்ற?” என்று நான்தான் தொடங்கினேன். அதற்குத்தான் அவள் அப்படித் திருப்பித் தந்தாள். நானும் விடுகிற ஆள் இல்லை.

“ஓம்கா, பேசு. முப்பத்தொரு வயசில சின்னப் புள்ளயள்ற பலகையில ஏறி விழுந்தித்து வந்து, வாயப் பாரு வாய.”

“நான் விழல்ல. சப்பாத்துக் கழண்டித்து.”

“கழண்டித்து, மறுகா விழுந்த. அதத்தானே நானும் சொல்றன்.”

அவள் நிலையைப் பிடித்தபடியே வழுகி, ஈர நிலத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போதுதான் அந்தக் கணுக்காலைப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அந்தக் கால் வேண்டும்.

வதனி என் மனிசனின் தங்கை மகள். மனிசன் செத்துப் பதினொரு வருசம், தங்கை அதற்கும் முன்னமே போய்விட்டாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள் வதனி. அதன் பிறகு வட்டைக்குள் வெறுங்காலோடு நாற்று நட்டாள், களை பிடுங்கினாள். அந்தக் காலைப் பார்த்தாலே தெரியும். முன்பக்கம் அகப்பை மாதிரி விரிந்து, விரல் ஐந்தும் ஐந்து பக்கம் பார்க்கும். பின்பக்கம் ஒடுங்கிச் சின்னதாக இருக்கும்.

இருபத்திரண்டு வயதில் கட்டிக் கொடுத்தோம். கட்டினவனுக்கு ஓட்டோ வேண்டுமாம். அதற்காக இவள் டுபாய்க்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஆறு வருசம். அவன் ஓட்டோ வாங்கினான். வாங்கிய ஓட்டோவில் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு பொலன்னறுவைப் பக்கம் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை. அவன் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஓட்டோவுக்குத்தான் அழுதேன்.

வேலை செய்த வீட்டில் மூன்று பிள்ளைகள். பின்னேரங்களில் அவர்களை ஒரு விளையாட்டு இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சீமெந்தில் ஏற்றமும் இறக்கமுமாகக் கட்டி வைத்திருப்பார்களாம், பிள்ளைகள் நாலு சில்லுப் பலகையில் ஏறி அதில் ஓடுவார்களாம். ஒரு வருசம் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் மூத்த பெட்டை, “நீயும் ஏறு” என்றிருக்கிறாள். ஏறினாள். அதன் பிறகு இறங்கவில்லை. “மாமி, அந்தச் சரிவில நிக்கக்குள்ள மட்டும் ஒருத்தரும் என்னக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கேக்க மாட்டாங்க” என்று ஒரு தரம் என்னிடம் சொன்னாள். எனக்கு அது விளங்கியது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது ஒரு பெட்டியும், அந்தப் பெட்டை கழித்துவிட்ட பலகையும் சப்பாத்தும்தான். தேற்றாத்தீவில் என் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். பகலில் களுவாஞ்சிக்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினாள். விடியற்காலை, பஸ் ஓடத் தொடங்கும் முன்னம், ஆற்றங்கரைக்குப் போகிற காபெட் றோட்டில் பலகையோடு போவாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? “கண்ணகை மாமிர வீட்டில பேய் ஒண்டு சில்லு பூட்டிக்கொண்டு ஓடுது” என்றார்கள். நான் போய்ச் சண்டை பிடித்தேன். வீட்டுக்கு வந்து அவளோடும் சண்டை பிடித்தேன்.

இந்த நேரத்தில்தான் மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையோரம், ஒரு விளையாட்டு அமைப்பு அதே மாதிரி சீமெந்துச் சரிவு கட்டியது. பெட்டைகளுக்குப் பழக்க ஒரு பொம்பிளை வேண்டுமாம். மாதச் சம்பளம். வதனியோடு சேர்த்து இரண்டு பேர்தான் எழுதிப் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஓடிக் காட்ட வேண்டும். வதனி அதற்கு முன்னமே, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை அவனுடைய வான் கொழும்புக்குப் போகும். ஞாயிறு வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் திங்கள் வானில் ஏறி, இன்னும் இரண்டு வருசம் அடுத்தவன் கக்கூசு கழுவ வேண்டும். இதற்கு நடுவில்தான் அந்தப் புதன்கிழமை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்றார்கள். இன்னொரு தரம் இதே கால் மடங்கினால் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்றார்கள். நோவெண்ணெய் பூசித் துணி சுற்றிவிட்டேன். கண்ணூறு என்று நினைத்து, செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பிலும் போட்டேன். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் தும்மியதுதான் மிச்சம்.

“கண்ணூறு இல்ல மாமி. குதிச்சி இறங்கக்குள்ள குதிக்கால் வெளியில வந்தித்து. சப்பாத்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடி தேஞ்சி போச்சுப் போல. வேற எடுக்கணும்.”

சனிக்கிழமை வீக்கம் கொஞ்சம் வற்றியது. பலகையையும் பழைய சப்பாத்தையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். தனியாக விட்டால் நொண்டிக்கொண்டு எங்கே விழுவாளோ என்று நானும் போனேன்.

முதலில் புளியந்தீவில் ஒரு பெரிய கடை. நான்தான் ஒன்றைக் காட்டினேன். கீழே மூன்று விரல் தடிப்பு, அமத்தினால் பஞ்சு மாதிரி அமிழும்.

“இது நல்லம்கா. காலுக்கு மெத்த.”

போட்டாள். பலகையைக் கடை நிலத்தில் வைத்து ஏறி நின்றாள். கடைப் பொடியன் பார்த்த பார்வை, நாங்கள் கடைக்குள் மாட்டைக் கொண்டுவந்து கட்டிய மாதிரி.

“ஏலா மாமி. பலக எங்க கிடக்கு எண்டு காலுக்குத் தெரியல்ல. இது ஓடுற ஆக்கள் போடுற.”

“நீயும் ஓடத்தானே போறா?”

“நான் நிக்கப் போறன். பலகதான் ஓடும்.”

கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். இன்னும் இரண்டு கடை ஏறினோம். ஒன்றில் எல்லாம் துணிச் சப்பாத்து. பலகையின் மேலே ஒட்டியிருக்கிற கறுப்புத் தாள் தச்சன் மரம் தேய்க்கிற தாள் மாதிரிச் சொரசொரப்பு, துணியை ஒரு கிழமையில் தின்றுவிடும் என்றாள். மற்றதில் அடி வழுக்கிற பிளாஸ்டிக். மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் இடது காலை வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. “வானில ஏறிப் போறவளுக்குச் சப்பாத்து என்னத்துக்கு, செருப்புப் போதும்” என்றேன். கோபத்தில் வந்த பேச்சு. அவள் என்னோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை.

காத்தான்குடியில் இறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஒரு ஒழுங்கைக்குள் முனாஸ் என்கிற ஒருவருடைய கடை. வெளிநாட்டில் போட்டுக் கழித்த சப்பாத்துகள் மூட்டையாக வரும், அவர் கழுவி, ஒட்டி, சோடி சேர்த்து விற்பார். கூரையிலிருந்து சப்பாத்துகள் வௌவால் மாதிரித் தொங்கின. ஐம்பது வயது ஆள், வெள்ளைத் தொப்பி, கைவிரல் எல்லாம் பசை.

“பழசக் காட்டுங்க தங்கச்சி,” என்றார். புதிதைக் காட்டவில்லை, பழையதைத்தான் கேட்டார். வாங்கித் திருப்பி அடியைப் பார்த்தார். வளைத்தார். பிறகு பெருவிரலால் பின்பக்கத்தை அமத்தினார். அது சோற்றுப் பருக்கை மாதிரி அமுங்கியது.

“அடி தேயல்ல. தையல் நல்லா இரிக்கி. பின்னுக்குத்தான் உசிர் இல்ல. இத மிதிச்சி மிதிச்சிப் போட்டிரிக்கீங்க.”

“நான் மிதிக்கல்ல…” என்று தொடங்கிய வதனி நிறுத்தினாள்.

“ஆரும் வேணுமெண்டு மிதிக்கிற இல்ல தங்கச்சி. நம்மட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான். தொழப் பள்ளிக்குப் போனாலும் கழட்டணும், கோயிலுக்குப் போனாலும் கழட்டணும், மாமிர ஊட்டுக்குப் போனாலும் கழட்டணும். ஆரு ஒவ்வொருக்காக் குனிஞ்சி லேஸ் அவுக்கிற? குதியால மிதிச்சிக் கழட்டுற, குதியால மிதிச்சித்து நுழைக்கிற. போகப் போகச் சப்பாத்து செருப்பாப் பொய்த்திரும். நடக்க ஒண்டும் தெரியாது. குதிச்சாத் தெரியும்.”

மாமி வீடு என்றதும் நான் மேலே தொங்கிய சப்பாத்துகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

“டுபாயில நான் கிறவுண்டில வெச்சுத்தான் போடுற, கிறவுண்டில வெச்சுத்தான் கழட்டுற,” என்றாள் வதனி, தனக்குத்தானே சொல்வது மாதிரி. “இஞ்ச வந்துதான்… வாசல், குசினி, கிணத்தடி, கடை…” பிறகு என்னைப் பார்த்தாள். 

“என்ன என்னப் பாக்கிறா? நிலம் என்ட நிலம்,” என்றேன். ஆனால் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தரம் அந்த வாசலில் நின்று கத்தியவள் நான்தான்.

தேடத் தொடங்கினோம். தட்டை அடி வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பின மாதிரி மெத்தென்ற தோல் வேண்டும், அந்தத் தோல் தேய நாள் எடுக்கும். பின்பக்கம் அமத்தினால் அமுங்கக் கூடாது. எல்லாம் இருக்கிறது என்று ஒன்றை எடுத்தால் அவளுடைய கால் ஒத்துவராது. முன்பக்கம் கொள்கிற சப்பாத்தில் குதி ஆடும். குதி பிடிக்கிற சப்பாத்தில் விரல் மடங்கும். ஏழு சோடி போட்டாள், ஏழையும் கழற்றினாள்.

“ஒரு அளவு பெரிசா எடுத்துத் துணி அடைப்பம்கா. பள்ளிக்கூடப் புள்ளயளுக்கு அடைக்கிற இல்லையா?”

“அதுகள் வளரும் மாமி. நான் நாளைக்குக் குதிக்கணும்.”

முனாஸ் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “அஸர் தொழுகைக்கு நேரமாகுது தங்கச்சி. நான் சாத்தணும். அந்தா, நேத்து வந்த மூட்ட ஒண்டு கிடக்கு. இன்னும் சோடி சேக்கல்ல. கொட்டிப் பாருங்க.”

கொட்டினாள். சப்பாத்து மலை. நிலத்தில் முழங்காலில் நின்று அள்ளி அள்ளிப் போட்டாள். சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. அமத்தினாள், அமுங்கவில்லை. இடது காலை உள்ளே விட்டு, லேசை ஒவ்வொரு ஓட்டையாக இழுத்துக் கட்டினாள். எழுந்து நின்றாள். விரலை விரித்தாள். குதியைத் தூக்கினாள், சப்பாத்தும் கூடவே வந்தது.

“மற்றது எங்க?”

மற்றது இல்லை. வலது கால் சப்பாத்து அந்த மலையில் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். முனாஸ் கடை சாத்தக் கதவுப் பலகையைக் கையில் எடுத்துவிட்டார். நானும் குந்தினேன். என் முழங்கால் வெடித்துப்போகும் போல இருந்தது. வலது காலில்லாதவனின் கடை மாதிரி எல்லாம் இடதாகவே என் கையில் வந்தது.

“நாளைக்கி வாங்களன்,” என்றார் முனாஸ், பாவமாக.

“நாளைக்குக் காலம எட்டு மணிக்கு அண்ணன்,” என்றாள் வதனி. குரல் உடைந்துவிட்டது. இரண்டு வருசத்தில் நான் அவள் குரல் உடைந்து கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் கதவுப் பலகையைக் கீழே வைத்தார். வெறும் மூட்டைச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மூலையில் சுருண்டு மாட்டியிருந்த வலது கால் சப்பாத்து என் மடியில் வந்து விழுந்தது.

அவள் விலை கேட்கவில்லை. இரண்டையும் கட்டி, பலகையில் ஏறி, ஒரு சாண் குதித்து இறங்கினாள். வலியில் கண் நிறைந்தது. “இதுதான்,” என்றாள். விலை கேட்கும் முன்னமே கடைக்காரனிடம் “இதுதான்” என்று சொல்கிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன பேரம் பேச?

ஞாயிறு காலை வாவிக்கரை. சரிவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் வினாயகமூர்த்தி என்கிற ஐயா, கையில் தாளும் பேனையும். பார்க்க வந்த சின்னப் பெட்டைகள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். மற்ற ஆள் டினோஷா, புளியந்தீவுப் பிள்ளை, இருபது வயது, கொடி மாதிரி உடம்பு. முதலில் அவளை ஓட விட்டார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவு நன்றாக ஓடினாள். ஒரு தரமும் விழவில்லை.

அது முடியவும் விருந்தினர் யாரோ வந்து இறங்கினார்கள். விளக்கு ஏற்ற வேண்டுமாம். “ரெண்டு தங்கச்சிமாரும் வந்து ஒரு திரி கொளுத்துங்க.” விளக்குக்குப் பக்கத்தில் சப்பாத்தோடு போக ஏலுமா? எல்லோரும் கழற்றினார்கள். வதனியும் குனிந்து லேசை அவிழ்த்துக் கழற்றிவிட்டுப் போனாள். திரி எரிந்து, கை தட்டி முடியவில்லை, ஐயா கூப்பிட்டார்.

“வதனி! வாங்க, ஓடுங்க. விருந்தினர் போகணும்.”

அவள் சீமெந்தில் உட்கார்ந்தாள். சப்பாத்தை எடுத்தாள். விரல் பக்கத்து முதல் ஓட்டையிலிருந்து லேசை இழுக்கத் தொடங்கினாள்.

“புள்ள, சுருக்கா. கால நுழைச்சித்து வாங்க.”

“ரெண்டு நிமிசம் ஐயா.”

“எங்களுக்கு நேரம் இல்ல புள்ள.”

“எனக்குக் கால் ஒண்டுதான் ஐயா நல்லாக் கிடக்கு.”

அவர் முகம் கறுத்தது. தாளில் ஏதோ எழுதினார். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் அது நல்ல எழுத்து இல்லை என்று தெரிந்தது. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிதிச்சுப் போட்டுக்கொண்டு ஓடு சனியனே என்று கத்த எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். அவள் இரண்டாவது சப்பாத்தையும் கட்டி, முடிச்சுப் போட்டு, குதியை நிலத்தில் இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இறங்கினாள். ஏறினாள். மேலே திரும்பி வந்தாள். பிறகு குதித்தாள். இறங்கும்போது பலகை ஒரு பக்கம் பறந்தது. இடது கால் தனியாகச் சீமெந்தில் விழுந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்து பார்த்தால் அவள் நான்கு எட்டு ஓடி, நிமிர்ந்து நிற்கிறாள். சப்பாத்து காலில் இருந்தது. பலகையை எடுத்துக்கொண்டு திரும்ப மேலே போய், அதே இடத்தில் திரும்பவும் குதித்தாள். இந்த முறை பலகையோடு இறங்கினாள்.

டினோஷாவுக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பொய் சொல்ல மாட்டேன்.

“சரி. அந்த நேரத்தில எங்கள எல்லாம் ஏன் காக்க வெச்ச நீங்க?” என்று கேட்டார் ஐயா. கோபம் ஆறவில்லை.

வதனி பாயடிக்குப் போனாள். அந்தச் சின்னப் பெட்டைகள் கழற்றி வைத்த சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு சோடி. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பின்பக்கம் மிதிபட்டு மடங்கிக் கிடந்தது.

“ஐயா, இதுகளோட இந்தப் புள்ளயளப் பலகையில ஏத்தினா ஒரு கிழமையில எல்லாருக்கும் என்ட கால்தான். நான் புதன்கிழமை விழுந்தது இதாலதான். ஏத்த முன்னம் நான் பாக்கிறது சப்பாத்தத்தான். குதி புடிக்காத சப்பாத்தோட வந்தா, ஆர்ர புள்ளயா இருந்தாலும் ஏத்த மாட்டன்.”

“தாய் தகப்பன் சண்டைக்கு வருவாங்க புள்ள.”

“வரட்டும். சண்ட எனக்குப் பழக்கம். மாமியோட இருக்கன்.”

விருந்தினர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. ஒரு சப்பாத்தை எடுத்துப் பின்பக்கத்தை அமத்தினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார். அவரும் விளக்கடியிலிருந்து அவசரத்தில் வந்தவர்தானே, குதி இரண்டும் சப்பாத்துக்கு வெளியே நின்றன.

அரை மணித்தியாலம் உள்ளே கதைத்தார்கள். ஓடத் தெரிந்த பெட்டைகளுக்கு டினோஷா, புதிதாக ஏறுகிறவர்களுக்கு வதனி. ஆளுக்குப் பாதிச் சம்பளம். மூன்று மாதம் பார்ப்பார்களாம். பிறகு என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் நின்று ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுத்து, “நான் வரல்ல, பாஸ்போட்டத் தாங்க” என்றாள். அவன் ஏசியது எனக்கும் கேட்டது. “ஓம், ஓம்” என்று கேட்டு முடித்துவிட்டு வைத்தாள். 

இப்போது ஊரில் ஒரு கதை நடக்கிறது. வதனி வெளிநாட்டிலிருந்து ஐம்பதாயிரம் ரூபாவுக்குச் சப்பாத்து எடுப்பித்தாளாம், அந்தச் சப்பாத்தால்தான் வேலை கிடைத்ததாம். அவள் இதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டாள். நான் திறப்பேன். காத்தான்குடியில் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் நான். முனாஸ் தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் ஐயாயிரம் என்றார், நான் மூவாயிரம் என்றேன், அவள் என் கையைக் கிள்ளினாள். கொடுத்தது மூவாயிரத்து எண்ணூறு ரூபா.